டி டிரைவுக்குப் பக்கத்தில் ஒரு நடவழி

எங்கள் வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். அதில் என்னுடைய தொழில் இருந்தது, மகளுடைய படிப்பு இல்லை. பிரச்சினை அவ்வளவுதான். ஆனால் அந்த வருடம் வீட்டில் நடந்த சண்டை எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

நான் ஆதாரம் எழுதுகிறவள். நிலப் பத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்றுதான் பெயர். நெய்யாற்றின்கரையில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு மேசையும் ஒரு பிரிண்டரும் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ், மேசையில் எழுதுவது மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். நான் பழகிய பழைய மலையாள எழுத்துரு விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்த எழுத்துருவில்தான் என் சோறு.

அதிகமும் நான் எழுதுவது பாகப் பத்திரங்கள். எங்கள் ஊர் நிலம் சமமாகக் கிடக்காது. ஒற்றசேகரமங்கலம் பக்கம் போகப் போக மேடும் பள்ளமும்தான். ரோட்டோரத்தில் ஒருவனுக்குப் பங்கு கொடுத்தால் பின்னால் இருப்பவன் அவன் முற்றத்தை மிதித்துத்தான் இறங்க வேண்டும். அதனால் முதலில் நடவழியை ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் பங்கை அளப்போம். ‘மேற்படி வழியை யாரும் அடைக்கவோ குறைக்கவோ கூடாது’ என்று ஒரு வரியும் தவறாமல் சேர்ப்பேன். அந்த வரி இல்லாத பத்திரங்கள் என்ன ஆகும் என்பதை எதிரே இருக்கும் கோர்ட்டு வராந்தாவில் தினமும் பார்க்கலாம்.

மகள் பி.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அதில் லினக்ஸ் என்று ஒரு லேப் பேப்பர். கல்லூரியில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்காருவார்களாம். இவள் கூச்சக்காரி, மூன்றாவது ஆளாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். வீட்டில் பழகலாமென்றால் என் விண்டோஸ்தான் இருந்தது. லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தாள். அதில் என்ன செய்தாலும் லேப்டாப்பை அணைத்ததும் போய்விடும். ஒருநாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஏதோ எழுதினாள். கரண்டு போனது. பேட்டரி எப்போதோ செத்துப்போன மெஷின் அது. கரண்டு திரும்பி வந்தபோது அவள் எழுதிய எதுவும் அதில் இல்லை. மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் கத்தி அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் பேப்பரில் தோற்றாள். திரும்ப எழுதலாம், அதற்குச் சப்ளி என்று பெயர். எழுதமாட்டேன் என்றுவிட்டாள்.

“எனக்கு அது வராதும்மா. வராததெ எதுக்குப் போட்டு இழுக்கணும்?”

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற என் கணவர் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தாங்காமல், சபையில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சொல்லிவைத்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சேலை விற்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானே அந்தக் கடையில்தான் எடுக்கிறேன். ஆனால் வேலையில் விருப்பப்பட்டுச் சேருவது வேறு, தோற்றுப்போய் ஒளிந்துகொள்ள இடம் தேடுவது வேறு. இவள் ஒளியப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கடைக்குப் போக ஆரம்பித்தால் படிப்புக்குத் திரும்பமாட்டாள் என்பதும் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, அவள்மேல் அல்ல, அந்த லேப்டாப் மேல்.

இன்னொன்று வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. இருப்பதையே பிரிக்க வேண்டியதுதான். பாறசாலை ஜங்ஷனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

“சேச்சீ, பழைய மெஷினா. ரெண்டும் கூடி இடண்டா. ஒண்ணு மதி.”

இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாமாம், ஒன்று போதுமாம். எந்த ஒன்று என்று கேட்டேன். சிரித்தார். விண்டோஸை முழுக்க அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தரலாம், இல்லாவிட்டால் இருக்கிறபடியே விட்டுவிடலாம், இரண்டையும் ஒரே டிஸ்கில் வைத்து ஏதாவது ஆகிவிட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார். எனக்கு அது கேட்ட பாட்டுதான். ‘ஒருத்தருக்கே எழுதிவிடலாம், தொல்லை இல்லை’ என்று என் மேசைக்கு முன்னால் வந்து சொல்லாத குடும்பம் இல்லை. லேப்டாப்பை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நானே செய்துகொள்கிறேன் என்று இறங்கிவிட்டேன். பஸ்ஸில் ஏறின பிறகுதான், என்ன வாய்க்கொழுப்பு எனக்கு என்று தோன்றியது.

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சோற்று நேரத்தில் மொபைலில் அதைத்தான் பார்த்தேன். பத்திரம் எழுத வந்தவர்கள் நான் சீரியல் பார்ப்பதாக நினைத்திருப்பார்கள். தானாகவே பிரித்துக்கொள்கிற வழி ஒன்று லினக்ஸில் உண்டு. ராத்திரி என் மெஷினில் பென்டிரைவைப் போட்டு அதைத் தேடினால் அந்த வரியே வரவில்லை. ‘முழு டிஸ்கையும் அழித்துவிடு’ என்பதும், ‘வேறு ஏதாவது’ என்பதும்தான் வந்தன. வேறு ஏதாவது என்றால் நாமே கையால் பிரிப்பது. சரி, அதுதானே என் தொழில் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, எழுதிய வரைவுகளை எல்லாம் இரண்டு பென்டிரைவில் எடுத்துவைத்தேன். பிறகு விண்டோஸுக்குள்ளேயே போய், டி டிரைவைச் சுருக்கி அதன் பின்பக்கத்தில் காலியிடம் உண்டாக்கினேன். டி டிரைவில் நான் வைத்திருந்தது பாதிகூட இல்லை. இத்தனை வருடமாக இவ்வளவு இடம் சும்மா கிடந்திருக்கிறது, பெண் பென்டிரைவில் எழுதி எழுதி இழந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமையை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு அன்றைக்கு லீவு. அது ஓடினால் எங்கள் வீட்டு பல்பு கண் சிமிட்டும். டிஸ்கைப் பிரிக்கும்போது கரண்டு போனால் கதை முடிந்தது. முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்து எல்லோருக்கும் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து லேப்டாப்பைத் திறந்தேன். கணவர் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை அணைத்தார். பிரிட்ஜின் வயரையும் பிடுங்கினார்.

மகள் உள்ளறையில் திங்கட்கிழமைக்கான சுரிதாரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்புப்பெட்டி சூடாகும்போதெல்லாம் விளக்கு மங்கியது.

“மக்கா, அதெ அணை. கரண்டு இஞ்ச வேணும்.”

“நாளைக்குப் போவணும்லா?”

“பொறவு தேய்க்கலாம்.”

அணைத்தாள். வெளியே வரவில்லை.

லினக்ஸ் பென்டிரைவிலிருந்து எழுந்தது. ‘வேறு ஏதாவது’ என்பதைத் தட்டினேன். டிஸ்க் முழுவதும் ஒரு நீளமான பட்டையாக, நிறம் நிறமாகப் பிரிந்து திரையில் வந்தது. எனக்கு உடனே பிடித்துப்போனது. சர்வேக்காரன் வரைந்த படம் மாதிரியே இருந்தது. முதலில் ஒரு துண்டு, விண்டோஸ் விழித்தெழுவதற்கு. அடுத்தது சி டிரைவ், அதில் விண்டோஸும் என் எழுத்துருவும். மூன்றாவது டி டிரைவ். அதற்கப்பால் நேற்று நான் உண்டாக்கிய காலியிடம். கடைசியில் நான்காவதாக ஒன்று, ரெக்கவரி என்று. மெஷின் வாங்கிய அன்றைக்கு இருந்த விண்டோஸை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதற்கு, கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்ட இடம் அது.

காலியிடத்துக்கு நேரே பார்த்தேன். ‘அன்யூசபிள்’ என்று எழுதியிருந்தது. உபயோகிக்க முடியாதாம். என் கையால் சுருக்கி உண்டாக்கிய இடம், யாருக்கும் ஆகாதாம்.

மொபைலை எடுத்துத் தேடித் தேடிப் பிடித்தேன். பழைய டிஸ்குகளில் நான்கு பெரிய பங்குக்கு மேல் போட முடியாது. இதில் நான்கும் ஏற்கெனவே போய்விட்டது. காலியிடம் எவ்வளவு இருந்தாலும் ஐந்தாவது ஆளுக்குப் பெயர் இல்லை. வேண்டுமென்றால் நான்கில் ஒருவர் விலக வேண்டும். அவர் விலகிய பிறகு மிச்ச இடத்துக்கு ஒரே வேலியாகக் கட்டி, அதற்குள் எத்தனை உள்பங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

யார் விலகுவது? முதல் துண்டு போனால் விண்டோஸ் எழாது. சி போனால் என் தொழில் போகும். டி டிரைவில் இருப்பதைச் சியில் கொண்டுபோய்த் திணிக்க அங்கே இடமில்லை. மிஞ்சியது ரெக்கவரி. விண்டோஸ் என்றைக்காவது படுத்துவிட்டால் எழுப்புவதற்கு என்னிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். டிவிடியில் எடுத்து வைக்கலாம் என்று சொல்கிறார்கள். டிவிடி போடுகிற தட்டு திறந்தே வருடங்களாகிவிட்டன.

கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் ஸ்பேர் டயர் இல்லாமல் வண்டி எடுக்கிற ஆள் இல்லை.

“அதெ அழிச்சிட்டு, நாளைக்கு விண்டோஸ் எழும்பல்லண்ணா?”

“எழும்பும்.”

“எழும்பல்லண்ணா? உனக்க தொழிலாக்கும் அது.”

“எழும்பல்லண்ணா கையால எழுதுவேன். பண்டு எல்லாரும் கையால தானே எழுதினாவ?”

பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரம் பதிவுக்கு நிற்கிற பத்திரங்கள் இருந்தன. வரைவுகள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தாலும், அந்த எழுத்துரு இல்லாமல் அவற்றைத் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். கையால் எழுதினால் பக்கத்து மேசைக்காரரிடம் போய்விடுவார்கள், சந்தேகமே இல்லை.

திரும்பிப் பார்த்தால் மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தச் சுரிதார். நாங்கள் பேசியதை முழுக்கக் கேட்டிருந்தாள்.

“அம்மா, எனக்கு வேண்டி இதொண்ணும் செய்யண்டாம். நான்தான் கடைக்குப் போறேன்னு சொல்லியாச்சே.”

“நீ எங்க வேணும்னாலும் போ. இத்தனெ இடம் சும்மா கெடக்கது எனக்குப் பிடிக்கல்ல.”

“அது போயிற்றுண்ணா நீ என்ன செய்வ?”

“அது எனக்க காரியம்.”

அவள் போகாமல் அங்கேயே நின்றாள். நான் திரும்பி ரெக்கவரியைத் தேர்ந்தெடுத்து, கீழே இருந்த கழித்தல் குறியைத் தட்டினேன். நான்காவது நிறம் பட்டையிலிருந்து மறைந்தது. நேற்றைய காலியிடமும் இதுவும் ஒன்றாகச் சேர்ந்து, ‘அன்யூசபிள்’ என்ற சொல் போய்விட்டது. இன்னும் கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை, அதுவரை எதுவும் முடிவாகாது என்று படித்திருந்தேன்.

பிறகு பிரித்தேன். இதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் வந்திருந்தது. லினக்ஸ் குடியிருக்க ஒரு பங்கு. மகள் செய்கிறவற்றைச் சேர்த்துவைக்க ஹோம் என்று தனியாக ஒரு பங்கு, அதுதான் பெரியது. மெஷினுக்கு மூச்சு முட்டும்போது கொஞ்சம் இறக்கிவைக்க ஸ்வாப் என்று ஒரு சின்னப் பங்கு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்கும், கொடுத்துக்கொண்டே போனேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தேன். அழகாக இருந்தது.

மகள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. அவள் விரல் என் தோளுக்கு மேலாக நீண்டு திரையைத் தொட்டது.

“இது என்னதும்மா? இஞ்ச கொறச்சு இடம் விட்டிருக்க?”

டி டிரைவுக்கும் லினக்ஸ் பங்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு போல இரண்டு ஜிபி இடம் காலியாகக் கிடந்தது. நான்தான் விட்டிருந்தேன். லினக்ஸ் பங்குகளை எல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்து அடுக்கி, முன்பக்கத்தில் அதை ஒதுக்கியிருந்தேன்.

“அது வழி” என்றேன்.

“என்னது?”

“நடவழி. பின்னால இருக்கப்பட்டவளுக்கு முன்னால வர வேண்டாமா?”

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. டிஸ்கில் யார் நடக்கப் போகிறார்கள்? இருபது வருடப் பழக்கம், கை தானாகவே வழியை ஒதுக்கிவிட்டிருந்தது. நான் அதை யோசிக்கக்கூட இல்லை.

அவள் முதலில் மூக்கால் சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சுரிதாரை முகத்தில் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பிடித்துக் குலுங்கிச் சிரித்தாள். தோற்றதற்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. கணவர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

“அப்பா, இஞ்ச பாருங்க. அம்மா ஹார்டு டிஸ்குல நடவழி விட்டிருக்கு!”

“வீதி எவ்வளவு?” என்று அவர் வழியின் அகலத்தை ரொம்ப சீரியஸாகக் கேட்டார். அவ்வளவுதான், அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததற்கு இதுவா மரியாதை என்று, அந்த இடத்தை எடுத்து லினக்ஸோடு சேர்க்கப் போனேன். அவள் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது அங்ஙன இருக்கட்டு. நீ மாறு, நான் பாக்கேன். ஹோமுக்கு மவுண்ட் பாயிண்ட் குடுக்கல்ல நீ. இது இல்லண்ணா இடம் இருந்தும் காரியமில்ல.”

எனக்கு அது வராது என்று சொன்ன பெண், வராததை இழுக்கமாட்டேன் என்ற பெண், என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சுரிதார் மடியில் கசங்கிக் கிடந்தது. நான் வெறும் பங்காகப் போட்டு வைத்திருந்ததற்கு, லினக்ஸ் அதை எந்தப் பெயரில் கண்டுபிடிக்கும் என்பதை அவள் எழுதிக் கொடுத்தாள். துவங்கும்போது எந்த வாசலில் நின்று எது வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பதையும் சரிபார்த்தாள். தோற்ற பேப்பரில் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். பழக ஒரு இடம் இல்லாததுதான் குறை.

கடைசிப் பொத்தானுக்கு வந்து நின்றாள்.

“அம்மா, இனி திரும்ப முடியாது. அழுத்தட்டா?”

“அழுத்து.”

“விண்டோஸ் போயிற்றுண்ணா?”

“நீ அழுத்து மக்கா.”

அழுத்தினாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கணவர் மீட்டர் பெட்டிக்குக் கீழே போய் நின்றுகொண்டார். அங்கே நின்று கரண்டைப் பிடித்து நிறுத்த முடியுமா என்று கேட்கவேண்டாம், நின்றார். மழை பெய்தது. விளக்கு ஒருதடவை மங்கியது. நான் மனதுக்குள் ஜெபித்தேன், வார்த்தை எதுவும் ஒழுங்காக வரவில்லை. கரண்டு போகவில்லை.

மெஷின் அணைந்து எழுந்தது. கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன. அவள் லினக்ஸுக்குப் போகாமல் விண்டோஸைத் தட்டினாள். முதலில் உனக்குடையதைப் பார்க்கலாம் என்றாள். சுற்றிச் சுற்றிச் சுழன்று, வழக்கம்போலத் தாமதமாகத்தான் விண்டோஸ் எழுந்தது. ஒரு பத்திரத்தைத் திறந்தேன். மலையாள எழுத்து ஒன்றுகூடக் குலையாமல் அப்படியே இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

அதற்குப் பிறகு அவள் தன்னுடையதைத் திறந்தாள். ஏதோ நான்கு வரி எழுதினாள். சேமித்தாள். லேப்டாப்பை அணைத்தாள், பிளக்கையும் பிடுங்கினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மாட்டித் திறந்து பார்த்தாள். அந்த நான்கு வரியும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுரிதாரை அவள் அன்றைக்குத் தேய்க்கவில்லை. காலையில் அதே கசங்கலோடு போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கடைக்கா கல்லூரிக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன், எனக்கு அது லேசான காரியமில்லை. மத்தியானம் மேசையில் இருக்கும்போது மொபைலில் செய்தி வந்தது. சப்ளிக்குப் பெயர் கொடுத்தாயிற்று, நான் வரவில்லை என்று ஜவுளிக்கடைக்காரரிடம் அப்பாவைச் சொல்லச் சொல்லு, எனக்குச் சொல்ல நாணமாயிருக்கு என்று.

எழுதினாள், ஜெயித்தாள். பெரிய மார்க்கு ஒன்றும் இல்லை. அதன்பிறகு ஒருநாள் கடைசி வருடப் புராஜெக்ட் செய்துகொண்டிருக்கும்போது, இடம் போதவில்லை, எதை அழிப்பது என்று தெரியவில்லை என்று புலம்பினாள்.

“நடுவுல அந்த ரெண்டு ஜிபி சும்மாதானே கெடக்கு. அதெ எடுத்துச் சேத்துக்கோ” என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“அது வழியாக்கும் அம்மா. எனக்கு உன்கிட்ட வர வேண்டாமா?”